பழைய ஏ.சி.யைப் பழுது பார்ப்பதா, மாற்றுவதா? 80,000 ரூபாயில் மூன்று அறைகளுக்குத் திட்டமிட ஆலோசனை தேவை

மேல்தளவாசி (வேளச்சேரி, சென்னை)

அனைவருக்கும் வணக்கம். நான்கு மாடிக் குடியிருப்பின் மேல்தளத்தில் சொந்த வீட்டில் வசிக்கிறோம். எங்கள் கூரைக்கு மேலே மொட்டை மாடி மட்டுமே இருப்பதால், ஏப்ரல் தொடங்கிவிட்டால் இரவு பத்து மணிக்குக்கூடச் சுவரில் கை வைத்தால் சூடு தெரியும். வெயில் காலத்துக்கு முன்பே ஏ.சி. தொடர்பான செலவுகளை ஒரு வரம்புக்குள் முடித்துவிட வேண்டும் என்று எண்ணுகிறோம். நிலைமையை விரிவாகச் சொல்லிவிடுகிறேன்.

பெரிய படுக்கையறையில் (12க்கு 14 அடி) 2014இல் வாங்கிய ஒன்றரை டன் ஸ்பிளிட் ஏ.சி. உள்ளது. அது இன்வெர்ட்டர் வகை (தேவைக்கேற்பக் கம்ப்ரெசரின் வேகத்தை மாற்றிக்கொள்வது) அல்ல. ஆர்22 என்ற பழைய வகைக் குளிரூட்டும் கேஸில் இயங்குவது. சென்ற ஆண்டும் அதற்கு முந்தைய ஆண்டும் கோடை தொடங்கும்போது கேஸ் குறைந்துவிட்டது என்று சொல்லி, ஒவ்வொரு முறையும் 3,200 ரூபாய் வாங்கிக்கொண்டு நிரப்பிக் கொடுத்தார்கள். இப்போது வந்த மெக்கானிக், உள் யூனிட்டின் காயிலில் (கேஸ் ஓடும் குழாய்ச் சுருளில்) கசிவு இருப்பதாகவும், காயிலை மாற்றிக் கேஸ் நிரப்ப 13,000 ரூபாய் ஆகும் என்றும் கூறுகிறார்.

மகனுடைய அறையில் 2020இல் வாங்கிய ஒரு டன் இன்வெர்ட்டர் ஏ.சி., மூன்று ஸ்டார், புதிய வகையான ஆர்32 கேஸ். வெளி யூனிட்டின் மின்னணு போர்டு பழுதாகிவிட்டது. நிறுவனத்தின் சர்வீஸ் பிரிவில் புதிய போர்டுக்கு 8,500 ரூபாய் கேட்கிறார்கள். தெருவில் உள்ள கடைக்காரர், அதே போர்டை 3,000 ரூபாய்க்குச் சரி செய்து தருவதாகச் சொல்கிறார்.

மூன்றாவதாக, என் மாமனாரும் மாமியாரும் அடுத்த மாதம் முதல் எங்களோடு நிரந்தரமாகத் தங்க வருகிறார்கள். அவர்களுக்கென ஒதுக்கிய சிறிய அறையில் (10க்கு 11 அடி) ஏ.சி. இல்லை. அதற்கான மின் இணைப்புப் புள்ளியும் இல்லை. வெளி யூனிட்டை வைக்க வேண்டிய இடமும் அந்த அறையிலிருந்து சற்றுத் தொலைவில் இருக்கிறது.

கோடையில் இரண்டு மாத மின் பயன்பாடு 620 யூனிட் அளவுக்கு வருகிறது; மற்ற மாதங்களில் 350 யூனிட் அளவில் நின்றுவிடும். மொத்தமாக நாங்கள் ஒதுக்கியிருப்பது 80,000 ரூபாய். இந்தத் தொகையை எங்கே, எந்த வரிசையில் செலவிடுவது சரியாக இருக்கும்?

குளிர்பதன மெக்கானிக் (அம்பத்தூர்)

வணக்கம் சகோதரி. முதலில் கேஸைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் 6,400 ரூபாய் போன இடம் அதுதான். ஏ.சி.யின் கேஸ் பெட்ரோலைப் போல ஓட ஓடத் தீர்ந்துபோகும் பொருள் அல்ல. மூடிய குழாய்ச் சுற்றுக்குள் அதே கேஸ்தான் ஆண்டுக்கணக்கில் சுற்றிவருகிறது. அது குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது என்பதைத் தவிர வேறு காரணம் கிடையாது. கசிவைத் தேடாமல் இரண்டு கோடையில் கேஸ் மட்டும் நிரப்பிச் சென்றிருக்கிறார்கள்.

இப்போது வந்தவர் காயிலில்தான் கசிவு என்று எப்படிக் கண்டுபிடித்தார் என்று கேளுங்கள். நைட்ரஜனை அழுத்தமாக ஏற்றி, இணைப்புகளிலும் காயிலின் வளைவுகளிலும் சோப்பு நீர் தடவிக் குமிழி வரும் இடத்தைக் கண்ணால் காட்ட வேண்டும். சில சமயம் பைப் முனையில் உள்ள நட்டு சரியாக இறுகாததால் மட்டுமே கேஸ் போய்க்கொண்டிருக்கும். அதற்குக் காயில் மாற்றத் தேவையே இல்லை. உண்மையிலேயே காயில்தான் என்றால், அதன் ஓரத்தில் தெரியும் செம்பு வளைவுகளின் நிறத்தைப் பாருங்கள். செம்பு கறுத்திருந்தால், சாக்கடைக் காற்றில் உள்ள கந்தக வாயு அதை அரித்திருக்கிறது என்று பொருள். திறந்த கால்வாய்களுக்கும் கழிவுநீர்த் தேக்கங்களுக்கும் அருகில் உள்ள வீடுகளில் இதை நாங்கள் அடிக்கடி பார்க்கிறோம். அப்படியானால் புதிய காயிலுக்கும் அதே கதிதான் ஏற்படும். எனவே அடுத்து எந்த ஏ.சி. வாங்கினாலும், உள் காயிலுக்கும் வெளிக் காயிலுக்கும் அரிப்பு தடுக்கும் பூச்சு இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள்.

ஆனாலும், 2014ஆம் ஆண்டு ஏ.சி.க்கு 13,000 ரூபாய் செலவிடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். காயில் மாறினாலும் அதே பழைய கம்ப்ரெசர், அதே மின்செலவு. இன்னொன்று, ஓசோன் படலத்தைப் பாதிக்கும் கேஸ்களைக் குறைப்பதற்கான மாண்ட்ரியல் உடன்படிக்கையின்படி ஆர்22இன் உற்பத்தி படிப்படியாகக் குறைக்கப்பட்டு வருகிறது. இந்தியாவில் 2025 ஜனவரி முதல் அந்தக் கேஸைப் பயன்படுத்தும் புதிய ஏ.சி.க்களைத் தயாரிக்க அனுமதி இல்லை. பழைய ஏ.சி.க்களைச் சர்வீஸ் செய்யத் தடை இல்லைதான். ஆனால் கேஸின் விலை இனி இறங்க வழியில்லை. விலை ஏறியதால், சிலர் ஆர்22க்குப் பதிலாக எளிதில் தீப்பற்றக்கூடிய ஹைட்ரோகார்பன் கேஸை நிரப்பிவிடுகிறார்கள். குளிர்ச்சி நன்றாகவே இருக்கும், ஆனால் அந்தக் கேஸுக்காக வடிவமைக்கப்படாத ஏ.சி.யில் அதைப் போடுவது ஆபத்து. சிலிண்டரின் மேல் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள்.

மகன் அறை ஏ.சி.யைக் கட்டாயம் சரி செய்யுங்கள். ஆறு ஆண்டுக்குள் இருக்கும் இன்வெர்ட்டரைத் தூக்கிப்போட வேண்டியதில்லை. இன்வெர்ட்டர் போர்டுக்கு ஐந்து ஆண்டு உத்தரவாதம் கொடுக்கும் நிறுவனங்கள் உண்டு. உங்களுடையது முடிந்திருக்கலாம், இருந்தாலும் பில்லை எடுத்துத் தேதியை ஒருமுறை பார்த்துவிடுங்கள். கம்ப்ரெசருக்குப் பத்து ஆண்டு கொடுத்திருந்தால் அது இன்னும் நடப்பில் இருக்கும். வெளியாள் கை வைத்தால் அது செல்லாமல் போகுமா என்பதையும் உத்தரவாத அட்டையிலேயே படித்துக்கொள்ளுங்கள். 3,000 ரூபாய் ரிப்பேர் என்றால் குறைந்தது மூன்று மாத உத்தரவாதத்தை எழுத்தில் வாங்குங்கள். போர்டு ஏன் போனது என்பதும் முக்கியம். வெளி யூனிட்டுக்குள் பல்லி புகுந்து போர்டின் மேல் கருகிக் கிடப்பது இந்த ஊரில் மிகச் சாதாரணம். அப்படியென்றால் வயர் நுழையும் ஓட்டையை அடைத்தாலே போதும். மின்னழுத்த ஏற்ற இறக்கம்தான் காரணம் என்றால் ஸ்டெபிலைசர் இல்லாமல் புதிய போர்டு போட்டாலும் நிலைக்காது.

பேரேடு (தாம்பரம்)

கணக்குத் துறையில் வேலை பார்ப்பவள் என்பதால் மின் கட்டணத்தின் பக்கமிருந்து சொல்கிறேன். ஏ.சி.யின் விலையைப் போலவே, அது எந்தப் படிநிலையில் உங்கள் யூனிட்டைக் கொண்டுபோய் நிறுத்துகிறது என்பதும் செலவுதான்.

2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த வீட்டுக் கட்டண விகிதத்தை வைத்துக் கணக்கிட்டுப் பார்த்தேன். இரண்டு மாதப் பயன்பாடு 500 யூனிட்டைத் தாண்டியவுடன், இரண்டாவது நூறு யூனிட்டுக்குக் கிடைக்கும் சலுகை விலை போய்விடுகிறது. முதல் 100 யூனிட் இலவசம் போக, 400 வரை யூனிட்டுக்கு 4.80, 500 வரை 6.45, 600 வரை 8.55, 800 வரை 9.65, 1,000 வரை 10.70 என்று ஏறுகிறது. இதன்படி உங்கள் 620 யூனிட்டுக்கு 3,133 ரூபாய் வரும். மூன்றாவது ஏ.சி.யால் அது 820 யூனிட் ஆகிறது என்று வைத்துக்கொண்டால் 5,084 ரூபாய். அதாவது கூடுதலான 200 யூனிட்டுக்கு மட்டும் 1,951 ரூபாய். பில்லின் மொத்தத் தொகையை யூனிட்டால் வகுத்து வரும் சராசரி விலையை வைத்துக்கொண்டு "ஏ.சி.க்கு இவ்வளவுதான் ஆகும்" என்று பலர் கணக்கிடுகிறார்கள். ஏ.சி.யின் யூனிட்டுகள் எப்போதும் மேல்படியில்தான் விழுகின்றன என்பதை அந்தக் கணக்கு மறைத்துவிடுகிறது.

இப்போது ஸ்டார் கேள்விக்கு வருவோம். ஏ.சி.யில் ஒட்டியிருக்கும் சீட்டில் உள்ள ஆண்டு மின்செலவு, 1,600 மணி நேர ஓட்டத்தை வைத்துச் சொல்லப்படுவது. ஒன்றரை டன்னில் மூன்று ஸ்டாருக்கும் ஐந்து ஸ்டாருக்கும் இடையே அந்தச் சீட்டின்படி ஏறத்தாழ 200 யூனிட் வேறுபாடு இருக்கும். உங்கள் மகன் இரவில் மட்டும், அதுவும் கோடையில் மட்டும் போடுகிறார் என்றால் 1,600 மணி நேரம் வரவே வராது. அந்த அறைக்கு மூன்று ஸ்டார் போதும். முதியவர்கள் பகலிலும் அறைக்குள்ளேயே இருப்பவர்கள். ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம், ஆண்டில் எட்டு மாதம் என்றால் 2,400 மணி நேரம் ஆகிவிடும். அப்போது வேறுபாடு 300 யூனிட். எல்லா மாதமும் மேல்படி விலை இருக்காது என்பதால் யூனிட்டுக்கு ஏழு ரூபாய் வைத்தாலும் ஆண்டுக்கு 2,100 ரூபாய் மிச்சம். விலையில் உள்ள ஏழெட்டாயிரம் ரூபாய் வித்தியாசம் நான்கு ஆண்டுக்குள் திரும்பிவிடும்.

கடையில் ஸ்டாரை மட்டும் எண்ணாதீர்கள். அந்த அளவுகோலை மத்திய அரசின் எரிசக்தித் திறன் பணியகம் (பி.இ.இ.) அவ்வப்போது கடுமையாக்குகிறது. 2018, 2022, கடைசியாக 2026 ஜனவரி என மாறியிருக்கிறது. ஐந்து ஸ்டார் ஒட்டிய பழைய இருப்பு, புதிய அளவுகோலில் அந்தத் தகுதியை இழக்கக்கூடும். தள்ளுபடி விலைக்குக் கிடைத்தால் அதை வாங்குவதில் தவறில்லை, ஆனால் சீட்டில் உள்ள ஐ.எஸ்.இ.இ.ஆர். எண்ணையும் (மின்சாரத்துக்கு எவ்வளவு குளிர்ச்சி தருகிறது என்பதன் அளவு; கூடுதலாக இருந்தால் நல்லது) அது எந்தக் காலத்துக்குரிய சீட்டு என்பதையும் பார்த்துப் பேரம் பேசுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் ஏ.சி.க்கான ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்துவிட்டதையும் நினைவில் வையுங்கள். அதற்கு முந்தைய விலைப்பட்டியலைக் காட்டி "பத்தாயிரம் தள்ளுபடி" என்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

செங்கல்சுவர் (திருச்சி)

எல்லோரும் ஏ.சி.யைப் பற்றியே பேசுகிறீர்கள், கூரையைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. இரவு பத்து மணிக்கும் சுவர் சுடுகிறது என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள். பகல் முழுவதும் வெயிலை உள்வாங்கிய கான்கிரீட், இரவில் அந்தச் சூட்டை அறைக்குள்தான் விடும். அந்தச் சூட்டை வெளியேற்றும் வேலையைத்தான் ஏ.சி. இரவெல்லாம் செய்துகொண்டிருக்கிறது.

நாங்கள் சென்ற ஆண்டு மொட்டை மாடியில் வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளைப் பூச்சு அடித்தோம். கூலியோடு சதுர அடிக்கு 35 ரூபாய் ஆயிற்று. அதற்கு முன் வெடிப்புகளை அடைத்து, பாசியைச் சுரண்டிக் கழுவ வேண்டும். இல்லாவிட்டால் ஒரே மழையில் உரிந்துவிடும். சுண்ணாம்பு அடித்தால் செலவு மிகக் குறைவு, ஆனால் ஆண்டுதோறும் அடிக்க வேண்டியிருக்கும். சகோதரியின் வீட்டில் இரண்டு படுக்கையறைகளுக்கு மேல் உள்ள பரப்புக்கு மட்டும் அடித்தால் பத்து, பன்னிரண்டாயிரத்துக்குள் முடிந்துவிடும். குடியிருப்பின் மொட்டை மாடி எல்லோருக்கும் பொது என்பதால் சங்கத்திடம் முன்கூட்டியே எழுத்தில் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள்.

குளிர்பதன மெக்கானிக் (அம்பத்தூர்)

திருச்சி நண்பர் சொல்வதை மறுக்கவில்லை. ஆனால் பூச்சு அடித்துவிட்டோம் என்பதற்காக 168 சதுர அடி அறைக்கு, அதுவும் மேல்தளத்தில், ஒரு டன் போட்டுவிடாதீர்கள். சென்னையில் வெயிலோடு புழுக்கமும் சேர்ந்தது. காற்றில் உள்ள ஈரத்தைத் தண்ணீராக்கி வெளியேற்றவே ஏ.சி.யின் திறனில் ஒரு பகுதி போய்விடும். பெரிய அறைக்கு ஒன்றரை டன்னேதான். சிறிய அறைகளுக்கு, கூரைப் பூச்சு இருந்தால், ஒரு டன் போதும்.

குடிபெயர்ந்தவன் (மேடவாக்கம்)

ஃபிட்டிங் செலவை யாரும் குறிப்பிடவில்லையே. அண்மையில் வீடு மாறியபோது இதை முழுமையாக விசாரித்துப் பார்த்தேன். "ஃபிட்டிங் இலவசம்" என்று கடையில் சொல்வதற்கும், வந்து மாட்டிவிட்டுப் போகிறவர் கடைசியில் நீட்டும் சீட்டுக்கும் சம்பந்தமே இருக்காது.

வழக்கமாக ஏ.சி.யோடு வருவது மூன்று மீட்டர் காப்பர் பைப். அதற்கு மேல் ஒவ்வொரு மீட்டருக்கும் 800 முதல் 1,000 ரூபாய் வரை கேட்கிறார்கள். கண்ணால் பார்த்து "எட்டு மீட்டர் ஆகும்" என்று சொல்வார்கள். ஒரு சணல் கயிற்றை உள் யூனிட் வரும் இடத்திலிருந்து வெளி யூனிட் வரை வளைவு நெளிவோடு இழுத்து, அதை டேப்பால் அளந்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வெளி யூனிட்டுக்கான இரும்பு ஸ்டாண்டு, சுவரில் ஓட்டை போடுவது, தண்ணீர் வடியும் பைப், ஸ்டெபிலைசர், பழைய ஏ.சி.யைக் கழற்றும் கூலி எல்லாம் தனித்தனி. மின் இணைப்பே இல்லாத சிறிய அறைக்கு, மின் பலகையிலிருந்து நான்கு சதுர மில்லிமீட்டர் வயர் இழுத்து, தனி 20 ஆம்பியர் எம்.சி.பி. (மின்னோட்டம் மிகுந்தால் தானாகத் துண்டிக்கும் சுவிட்ச்) போட வேண்டும். விளக்குக்குப் போன வயரிலிருந்து கிளை எடுத்துத் தருகிறேன் என்பவரை அனுப்பிவிடுங்கள். தொலைவையும் சேர்த்துப் பார்த்தால் அந்த அறைக்கு மட்டும் ஏ.சி. விலைக்கு மேல் பத்து, பன்னிரண்டாயிரம் ஆகும் என்பது என் கணிப்பு.

மாட்ட வருபவரிடம் வேக்குவம் பம்ப் இருக்கிறதா என்று வரும்முன்னே தொலைபேசியில் கேளுங்கள். பைப்புக்குள் இருக்கும் காற்றையும் ஈரத்தையும் பம்ப் வைத்து உறிஞ்சி எடுத்த பிறகுதான் கேஸ் வால்வைத் திறக்க வேண்டும். அவசரத்தில் இருப்பவர்கள் வால்வைக் கொஞ்சம் திறந்து, உள்ளே இருக்கும் கேஸை வைத்தே காற்றைத் தள்ளிவிட்டு இரண்டே நிமிடத்தில் வேலையை முடித்துவிடுவார்கள். ஆர்32 லேசாகத் தீப்பற்றும் தன்மை உடையது. இப்படிச் செய்யவே கூடாது. பம்பை நிறுத்திய பிறகு மீட்டரின் முள் அசையாமல் சிறிது நேரம் நிற்கிறதா என்பதை அருகில் நின்று பாருங்கள். முள் மெல்ல ஏறினால் எங்கோ இணைப்பு சரியில்லை என்று அர்த்தம்.

வட்டியில்லாத் தவணை என்பதையும் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். முழுத் தொகையை உடனே கட்டினால் எவ்வளவு குறைப்பீர்கள் என்று கேட்டால், அந்த வட்டி எங்கே ஒளிந்திருந்தது என்பது தெரிந்துவிடும்.

மேல்தளவாசி (வேளச்சேரி, சென்னை)

அனைவருக்கும் நன்றி. இரவு வீட்டில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தோம். இரண்டு புதிய ஏ.சி.க்கள், சிறிய அறைக்கு மின் இணைப்பு, போர்டு ரிப்பேர், கூரைப் பூச்சு என எல்லாவற்றையும் இந்த ஆண்டே செய்தால் ஒரு லட்சத்தைத் தாண்டிவிடுகிறது. எதை விடுவது என்றுதான் தெரியவில்லை.

பேரேடு (தாம்பரம்)

ஒன்றைக் கேட்கலாமா? சிறிய அறையைத்தான் மாமனார், மாமியாருக்குக் கொடுக்க வேண்டும் என்று ஏன் முடிவு செய்தீர்கள்? பெரிய அறையில் கழிப்பறை இணைந்திருக்கும் என்று நினைக்கிறேன். வயதானவர்களுக்கு இரவில் அதுவும் வசதி. அதிக நேரம் ஏ.சி. ஓடப்போகும் அறையும் அவர்களுடையதுதான். அங்கே மின் இணைப்பு, ஸ்டெபிலைசர், வெளி யூனிட்டுக்கான இடம் எல்லாம் ஏற்கெனவே இருக்கின்றன. ஐந்து ஸ்டார் ஒன்றரை டன் ஒன்றை அங்கே மாட்டிவிட்டு, நீங்கள் இருவரும் சிறிய அறைக்கு மாறிக்கொண்டால், இந்தக் கோடையை ஒரே ஒரு புதிய ஏ.சி.யோடு கடக்கலாம். சிறிய அறைக்கு இப்போதைக்கு மின்விசிறியும் கூரைப் பூச்சும். அதற்கான ஏ.சி.யை அடுத்த ஆண்டு வாங்கலாம்.

மேல்தளவாசி (வேளச்சேரி, சென்னை)

இது எங்களுக்குத் தோன்றவே இல்லை. மாமியாரிடம் தொலைபேசியில் சொன்னதற்கு, "உங்கள் அறையை எங்களுக்காக விட்டுத்தர வேண்டாம்மா" என்று மறுத்தார். கழிப்பறை உள்ளேயே இருக்கிறது என்றதும் மாமனார் சம்மதித்துவிட்டார்.

விசாரித்த விலைகளின்படி புதிய கணக்கு இது: ஐந்து ஸ்டார் ஒன்றரை டன் 44,000, ஃபிட்டிங் 5,000, போர்டு ரிப்பேர் 3,000, கூரைப் பூச்சு 12,000. ஆக 64,000. பழைய ஏ.சி.யை எக்ஸ்சேஞ்சில் 4,000 ரூபாய்க்கு எடுத்துக்கொள்வதாகக் கடையில் சொல்கிறார்கள். மீதமுள்ள தொகையை அடுத்த ஆண்டுக்கென வைத்துவிடலாம் என்று இருக்கிறோம்.

மெக்கானிக் ஐயாவிடம் இன்னொரு சந்தேகம். பெரிய அறையின் காப்பர் பைப் சுவருக்குள்ளேயே பதிக்கப்பட்டிருக்கிறது. புதிய ஏ.சி.க்கும் அதையே பயன்படுத்தலாம், சுவரை உடைக்க வேண்டாம் என்று கடைக்காரர் சொல்கிறார். அது சரியா?

குளிர்பதன மெக்கானிக் (அம்பத்தூர்)

கூடாது என்பதுதான் என் பதில், சகோதரி. இரண்டு காரணங்கள். பழைய ஆர்22 ஏ.சி.யின் கம்ப்ரெசரில் இருந்தது ஒரு வகை எண்ணெய், ஆர்32இல் இருப்பது வேறு வகை. பன்னிரண்டு ஆண்டு ஓடிய பைப்பின் உட்சுவரில் பழைய எண்ணெய் படிந்திருக்கும். அது புதிய கம்ப்ரெசருக்குள் கலப்பது நல்லதல்ல. அடுத்தது அழுத்தம். ஆர்32 இயங்கும் அழுத்தம் ஆர்22ஐவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்குக்கும் மேல். அந்தப் பைப்பின் கனம் அதைத் தாங்குமா என்று சுவருக்குள் பார்க்க முடியாது. பின்னர் கசிந்தால், நிறுவனத்திலிருந்து வருபவர் பைப் தங்களுடையது அல்ல என்று சொல்லி உத்தரவாதத்திலிருந்து ஒதுங்கிக்கொள்வார்.

சுவரை உடைக்கவும் வேண்டாம். பழைய பைப்பை அப்படியே இரு முனையிலும் அடைத்துவிட்டு, புதிய பைப்பைச் சுவரின் மேலேயே ஓட்டி, வெள்ளை பிளாஸ்டிக் மூடி போட்டுக்கொள்ளலாம். உங்கள் 5,000 ரூபாய் ஃபிட்டிங் கணக்கோடு பைப்புக்கும் மூடிக்குமாக இன்னும் நான்காயிரம் சேர்த்துக்கொள்ளுங்கள். பதிக்கப்பட்ட தண்ணீர்க் குழாயை மட்டும் பழையதையே பயன்படுத்தலாம். மாட்டுவதற்கு முன் அதில் ஒரு குவளைத் தண்ணீரை ஊற்றி, வெளியே தடையில்லாமல் வருகிறதா என்று பார்த்துவிடச் சொல்லுங்கள்.